நான்கு சொட்டு

பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் முதுநிலைப் பகுப்பாய்வாளராக இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மனைவியுடன் வசிக்கிறேன். குழந்தைகள் இல்லை. இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை.

இன்று ஆறாம் தேதி காலை பத்து இருபதுக்கு, யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன். விசாரணை அதிகாரி என்னை மாடி அறைக்கு அழைத்துச் சென்று, நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்று எச்சரித்து, அது விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார். இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் முழுப் பெயர்கள் கோப்பில் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எப்படி அழைப்போமோ அப்படியே இங்கே குறிப்பிட அதிகாரி அனுமதித்தார்.

நான் வந்ததற்குக் காரணம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பணியாளரை, நாங்கள் கண்ணாடி அக்கா என்று அழைப்பவரை, நாளைக் காலை நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான். அவருக்கு வயது ஐம்பத்தேழு. தன் தவறால்தான் நாற்பத்தொரு பேர் நோயில் விழுந்தார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது சரியல்ல என்று சொல்ல வந்தேன்.

எங்கள் நிலையத்துக்கு நகரத்தின் சாக்கடை நீர் வந்து சேர்கிறது. அதைத் தெளியவைத்து, காற்று ஊட்டி, மணலில் வடிகட்டி, கடைசியில் ஒரு நீண்ட தொட்டியில் குளோரின் கலந்து அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடாதபடி அந்தத் தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் வளைந்து வளைந்து செல்லும். அதன் பிறகு ஊதா நிறக் குழாய் வழியாகப் பூங்காக்களுக்கும் ஒன்பது தோட்டங்களுக்கும் தண்ணீர் போகிறது. குழாய்க்கு ஊதா நிறம் பூசியிருப்பது, குடிநீர் என்று நினைத்து யாரும் வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. முதல் தோட்டம் எங்கள் மதிலை ஒட்டியே இருக்கிறது. அதை வைத்திருப்பவரைக் கீரைக்காரர் என்போம். அவரும் அவர் மனைவியும் கொத்தமல்லி, புதினா, பச்சையாகத் தின்னும் இலைகள் ஆகியவற்றைப் பயிரிடுகிறார்கள். பறித்த கட்டுகளை அவர் மனைவி அதே தண்ணீரில் அலசித்தான் கூடையில் அடுக்குவார்.

தண்ணீரில் மலக் கிருமி இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது எங்கள் வேலை. மாதிரி எடுப்பவர் காலை எட்டு மணிக்குத் தொட்டி வாசலில் தொடங்கி ஒவ்வொரு தோட்டத்து வால்விலும் ஒரு பாட்டில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பன்னிரண்டரை மணிக்குக் கொண்டுவந்து தருவார். இங்கே ஒரு விஷயத்தை அதிகாரிக்கு விளக்கினேன். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கும். பாட்டிலுக்குள் இருக்கும் நான்கரை மணி நேரமும் அது கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் பார்க்கும்போது எல்லாம் செத்திருக்கும். ஆனால் தோட்டத்துக்குப் போன தண்ணீர் நான்கரை மணி நேரம் காத்திருப்பதில்லை. பத்து நிமிடத்தில் இலைமேல் விழுந்துவிடும், வெயிலில் குளோரின் பறந்துவிடும். ஆகவே, பாட்டிலில் பிடித்த அந்த நொடியிலேயே குளோரினை நிறுத்த, முன்கூட்டியே தயோசல்பேட் கரைசல் நான்கு சொட்டு விட்டு வைக்க வேண்டும். அதைச் செய்யாத பாட்டில் எந்தத் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்றுதான் காட்டும்.

அந்த நான்கு சொட்டு விடுவது கண்ணாடி அக்காவின் வேலை. அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தவன் நான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பாத்திரம் கழுவும் விதிமுறைத் தாளை எழுதியவனும் நான். அக்கா பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் விடும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று வாய்க்குள் எண்ணுவார். அறுபது பாட்டிலுக்கும் எண்ணுவார். என் மேசை கழுவும் அறைக்குப் பக்கத்துச் சுவரோரம் இருப்பதால் அந்தச் சத்தம் எனக்குத் தினமும் கேட்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடத் தலைவர் பதவி காலியானது. எனக்கு வரவேண்டியது. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர் ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முதல் நாள் பட்டுச் சட்டையும் கைநிறைய இனிப்புப் பெட்டிகளுமாக வந்ததால் பணியாளர்கள் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். வந்த மாதமே ஜன்னலோரம் இருந்த என் அறையைக் கூட்ட அறையாக மாற்றினார். என் நுண்ணோக்கியைப் பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கொடுத்தார். நான் எழுதிய குறிப்புகளுக்கு, மொத்தம் பதினான்கு, அவற்றின் நகல்கள் என்னிடம் உள்ளன, ஒன்றுக்கும் பதில் இல்லை. பதினைந்தாவதை எழுதியபோது, எல்லோர் முன்னிலையிலும் சிரித்துக்கொண்டே, "சார், நம்ம புகார்ப் பெட்டியை வாசல்ல மாட்ட வேணாம், அதான் உங்களையே உள்ள உட்கார வச்சிருக்கோமே" என்றார். அன்றிலிருந்து எனக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். கண்ணாடி அக்கா மட்டும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

சென்ற மாதம் இரண்டாம் தேதி திங்கட்கிழமை, பழைய கண்ணாடி பாட்டில்களை நிறுத்திவிட்டு, உறையில் அடைத்து வரும் பிளாஸ்டிக் பாட்டில்களை மாப்பிள்ளை கொண்டுவந்தார். கழுவ வேண்டாம், கிருமி போக நீராவியில் வேகவைக்க வேண்டாம், உடைந்து கையைக் கிழிக்காது. அதில் எனக்கும் மறுப்பில்லை. அவற்றுக்காக ஒரு புதிய விதிமுறைத் தாளை அச்சிட்டுக் கழுவும் அறைச் சுவரில் ஒட்டினார். அதில் மூன்றே வரிகள். உறையை மாதிரி எடுக்கும் இடத்தில் மட்டுமே திறக்க வேண்டும். திறந்த பாட்டிலை மறுபடி பயன்படுத்தக் கூடாது. மற்றவை முன்போலவே. உறையைத் திறக்காமல் சொட்டு விட முடியாது, சொட்டு விடாமல் முன்போலவே ஆகாது. தன் வாழ்நாளில் ஒரு பாட்டிலைக்கூடத் தன் கையால் தயாரிக்காதவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும். அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு இதில் அக்கறையும் கிடையாது. மறுநாள் முதல் பாட்டில்கள் சொட்டு இல்லாமலே போய் வந்தன.

மூன்றாம் தேதி மாதிரியிலிருந்து எண்ணிக்கை பூஜ்யமாக வந்தது. பத்து இடத்திலும் பூஜ்யம், தினமும் பூஜ்யம். அதற்கு முன் எங்கள் எண்ணிக்கை நான்கு, ஏழு, இரண்டு, சில நாள் பூஜ்யம் என்று ஏறி இறங்கித்தான் இருக்கும். அனுமதித்த வரம்பு பத்து. ஏறி இறங்கினால்தான் அது தண்ணீர். மாப்பிள்ளை கூடத்தின் பலகையில் தொடர்ந்து இத்தனை நாள் பூஜ்யம் என்று பெரிய எண்ணில் எழுதி, தினமும் தன் கையால் அழித்து ஒன்று கூட்டி எழுதினார். பத்தாவது நாள் மேலதிகாரி வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். தோட்டங்களின் வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு கரும்பலகை உண்டு, அதில் முந்தைய நாள் முடிவை எழுதுவோம். கீரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன சார், பள்ளிக்கூடத்துல பூஜ்யம் வாங்கினா முட்டி போட வைப்பாங்க, உங்க ஆபீஸ்ல கை தட்டறாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை, பாட்டில்களில் சொட்டு விடப்படுவதில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்கு முன் பாட்டில்கள் பற்றி யாராவது உங்களிடம் பேசினார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகு பதினேழாம் தேதி காலை, கீழ்த்தட்டில் இருந்த பழைய கண்ணாடி பாட்டில்கள் நான்கை எடுத்து, நானே சொட்டு விட்டு, நானே வேகவைத்து ஆறவைத்து, முதல் தோட்டத்து வால்வுக்கு நடந்து போய்த் தண்ணீர் பிடித்தேன். மாதிரி எடுப்பவரின் பாட்டில்களோடு அதே பெட்டியில் அதே நேரம் வைத்திருந்து பரிசோதித்தேன். பதினெட்டாம் தேதி தட்டுகளைத் திறந்து பார்த்தேன். வடிதாளில் கிருமி வளர்ந்ததைக் காட்டும் நீலப் புள்ளிகள் எண்ண முடியாதபடி நெருக்கமாக இருந்தன. நூறில் ஒரு பங்காகக் குறைத்து ஊற்றிய தட்டில் அறுபத்திரண்டு. அதாவது பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரத்து இருநூறு. பக்கத்தில் பிளாஸ்டிக் பாட்டிலின் தட்டு வெண்மையாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. குளோரின் தொட்டியின் தடுப்புச் சுவர் ஒன்று ஆறாம் தேதி வாக்கில் இடிந்து, அரை மணி நேரம் ஓடவேண்டிய தண்ணீர் எட்டு நிமிடத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது என்று பிறகு தொட்டியை வடித்துப் பார்த்தபோது தெரிந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. தண்ணீர் கெட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அந்த எண்களை ஒரு பழுப்பு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அதிகாரி கேட்டார். இருபத்தேழாம் தேதி வெளியிலிருந்து தணிக்கைக் குழு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அவர்களுக்குப் பூஜ்யங்களின் வரைபடத்தைக் காட்டப் போகிறார். அவர் காட்டி முடித்ததும் என் நோட்டை மேசைமேல் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். பத்து நாள் எண்கள் இருந்தால் எதிர்த்துப் பேச முடியாது. ஒரு நாள் எண்ணை வைத்துப் பேசினால், வழக்கம்போல புகார்ப்பெட்டி பேசுகிறது என்று சிரித்திருப்பார்கள். ஆகவே பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, ஞாயிறு விட்டு இருபத்துமூன்று ஆகிய தேதிகளிலும் பிடித்துப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. இருபத்துமூன்றாம் தேதி முடிவு பதினோராயிரம். அதை எழுதும்போது எனக்கு ஏற்பட்டது வருத்தம் என்று சொல்ல முடியாது. இதையும் எழுதச் சொன்னேன்.

பதினெட்டாம் தேதி மாலை வீட்டுக்குப் போய், சமையலறையில் டம்ளரில் செருகி வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். என் மனைவி, "நேத்துதானே வாங்கினேன், அதுக்குள்ள என்ன ஆச்சு?" என்று கேட்டாள். வாடிவிட்டது என்றேன். வாடவில்லை.

இருபத்திரண்டாம் தேதி முதல், பேருந்துப் பணிமனையின் உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டது. உணவின்மேல் தூவும் பச்சை இலைகளைக் கீரைக்காரரிடம்தான் அந்த உணவகம் வாங்கியது. இருபத்துநான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்தது. கீரைக்காரரின் மனைவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு செருப்பு வரப்பில் கிடந்தது. அதன் பிறகு நான் வால்வு அறைக்குப் போய், ஊதாக் குழாயை மூடு என்று இயக்குபவரிடம் சொன்னேன். அவர், "வாய்வார்த்தையா சொன்னா எப்படி சார்? நாளைக்கு என் தலைல இல்ல விடியும்? எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். பதினொன்று நாற்பதுக்கு மூடினார். அந்தத் தாளும் கோப்பில் இருக்கும். பதினெட்டாம் தேதி எழுதிக் கொடுத்திருந்தாலும் அவர் மூடித்தான் இருப்பார்.

மறுநாள் கீரைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காவலாளியைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை. என்னைக் கண்டதும், "பலகையில பூஜ்யம்னு போட்டிருந்துச்சே சார். நான் தினம் பார்த்துட்டுத்தானே வால்வைத் திறந்தேன்" என்றார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி இன்றுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மற்ற நாற்பது பேரும் தேறிவிட்டார்கள். தணிக்கை தள்ளிவைக்கப்பட்டது. என் நோட்டு மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

அதன் பிறகு நடந்த உள்விசாரணையில், பாட்டில்களில் தயோசல்பேட் இல்லை என்பது வெளிப்பட்டது. மாப்பிள்ளை, மற்றவை முன்போலவே என்று தாளில் தெளிவாக எழுதியிருக்கிறேன், சொட்டு விடாதது பணியாளரின் கவனக்குறைவு என்று சொன்னார். முப்பதாம் தேதி கண்ணாடி அக்காவைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். இந்த மாதம் மூன்றாம் தேதி காவல் நிலையத்தில் அவர், சொட்டு விடுவது என் வேலை, விடவில்லை, தவறு என்னுடையது என்று வாக்குமூலம் கொடுத்தார். அன்று மாலை உறவினர் பொறுப்பில் வீட்டுக்குப் போக அனுமதித்தார்கள்.

நேற்று ஐந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். தங்கையோடு இருக்கிறார். தங்கை என்னைப் பார்த்ததும், "வாங்க, உங்க ஆபீஸ்ல இருந்து முதல்ல வந்த ஆள் நீங்கதான். காப்பி போடவா, இல்ல கைவிலங்கு ஏதும் கையோட கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அக்கா அவரை அதட்டி உள்ளே அனுப்பினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கழுவி வைத்திருந்த டம்ளர்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார். ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "சொட்டு விடறது என் வேலைதானே சார்? அந்தம்மா தினம் மதிலுக்கு மேல கை நீட்டி எனக்கு ஒரு கட்டு புதினா குடுக்கும். நல்லவேளை, இந்த மாசம் எனக்கு வயித்துல புண்ணு, பச்சையா ஒண்ணும் தின்னல. அது படுத்துக் கிடக்கு, நான் நல்லா உட்கார்ந்திருக்கேன்" என்றார். அதன் பிறகு சிறிது நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மேற்கண்டவாறு சொல்லி, பழுப்பு நோட்டை அதிகாரியிடம் ஒப்படைத்தேன். எழுத்தர் எழுதியது முழுவதையும் வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் சந்திப்பிழை இருந்தது, திருத்தச் சொன்னேன். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார்கள்.

அப்போது அதிகாரி, "சார், நீங்க பதினாறாம் தேதிக்கு அப்புறம் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க, அது உங்க கணக்கு. ஆனா இதை வச்சுப் பார்த்தா அந்தம்மா சொட்டு விட மறந்துட்டாங்கங்கறது அப்படியேதானே இருக்கு? நாளைக்கு அவங்களை நிறுத்தத்தானே வேணும்? நீங்க இவ்வளவு தூரம் வந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். அதன் பிறகு பின்வருமாறு சொன்னேன்.

பதினாறாம் தேதிதான் கவனித்தேன் என்று சொன்னது பொய். அதற்கு முன் யாரும் என்னிடம் பேசவில்லை என்று சொன்னதும் பொய்.

சென்ற மாதம் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, புதிய தாளை மாப்பிள்ளை ஒட்டிவிட்டுப் போன கால் மணி நேரத்தில், கண்ணாடி அக்கா ஒரு கையில் உறையோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் மறு கையில் அன்று காலை புதிதாக நிரப்பிய சொட்டுப் புட்டியுமாக என் மேசைக்கு வந்தார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன்.

"சார், உறையைத் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அப்ப இந்த நாலு சொட்டை எப்ப விடறது?"

"எழுதினது யாரு?"

"மாப்பிள்ளை சார்தான். அவர் மீட்டிங்ல இருக்காரு. உங்ககிட்ட கேட்டா சரியாச் சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"தாள்ல சொட்டுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"இல்லன்னா இல்லதான். அவர் பெரிய படிப்பு படிச்சவர். எழுதினபடி செய்யுங்க, என்கிட்ட எதுக்கு வர்றீங்க?"

அக்கா, "நீங்க சொன்னா சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத்தான் குழப்பம். எனக்கு இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இனி எந்தத் தண்ணீர் வந்தாலும் பூஜ்யம் காட்டும், அந்தப் பூஜ்யத்தை இந்த மனிதர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார், ஒரு நாள் விழுவார் என்று புரிந்தது. தண்ணீர் கெட்டுப்போகும் என்று அன்று எனக்குத் தெரியாது. கெட்டாலும் யாருக்கும் தெரியாது என்பது தெரியும். அன்று அந்தப் பக்கத்து அறையில் எண்ணும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் கேட்கவில்லை. தினமும் அந்தச் சத்தம் இல்லாத இடத்தில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

கொத்தமல்லிக் கட்டைக் குப்பையில் போட்டது பதினெட்டாம் தேதி அல்ல. சென்ற மாதம் மூன்றாம் தேதி மாலை. அன்றே மனைவியிடம், இனி பச்சையாகத் தின்னும் இலை எதுவும் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்டால் சொல்வாள். அவளுக்குக் காரணம் தெரியாது. கீரைக்காரரின் மனைவி அன்று மாலையும் மதிலோரம் நின்று கட்டுகளை அலசிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்துதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். "வீட்டுக்கு ஒரு கட்டு கொண்டு போங்க சார்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

நேற்று அக்கா வீட்டில் நடந்ததிலும் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டேன். காவல் நிலையத்தில் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கு சார்? உங்களுக்கு ஏற்கெனவே ஆபீஸ்ல ஒருத்தரும் கிடையாது. இதையும் சொன்னா அப்புறம் யார் உங்களோட பேசுவாங்க? அதுவுமில்லாம, நீங்க அன்னிக்கு ஏதோ கோபத்துல இருந்தீங்க. கோபத்துல ஒரு மனுஷன் சொன்னதை நான் கேட்டிருக்கக் கூடாது. பதினோரு வருஷமா விட்ட கைதானே, அதுக்குத் தெரிய வேணாமா?" என்றார். நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்து, படியில் விளக்கு எரியாது, பார்த்து இறங்குங்கள் என்றார்.

இரண்டாம் தேதி அவர் நிரப்பிய சொட்டுப் புட்டி இன்றும் கழுவும் அறை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அவர் கையால் தேதி எழுதி ஒட்டிய சீட்டு அதன்மேல் உள்ளது. மட்டம் குறையவில்லை. சொட்டு விட வேண்டாம் என்று முன்பே முடிவு செய்தவரோ, அதை மறந்தவரோ அன்று காலை புட்டியை நிரப்பியிருக்க மாட்டார். பதினேழாம் தேதி என் நான்கு பாட்டில்களுக்கு நான் அதைத் தொடவில்லை. வேறு புட்டியில் தனியாகக் கரைசல் தயாரித்துக்கொண்டேன். அவர் புட்டியைக் கையில் எடுக்க முடியவில்லை. அதைக் கைப்பற்றிச் சாட்சியமாகச் சேர்க்கும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

கண்ணாடி அக்கா எதையும் மறக்கவில்லை. தெரிந்தவனிடம் வந்து கேட்டார்.

முதலில் சொன்ன பொய்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கீழே திருத்தமும் இருக்கட்டும் என்றேன். பின்னால் சேர்த்ததையும் உரக்க வாசிக்கக் கேட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவோடு சொன்னேன். நானே பொய் என்று காட்டியவை நீங்கலாக, இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நடந்தது. அவ்வாறு ஒப்புக்கொண்டு, பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு என் கையெழுத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)
முதுநிலைப் பகுப்பாய்வாளர்